எம்பயர் பறக்கும் படகின் மீளுருவாக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்த பறப்புச் சிமுலேற்றர் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து, 1930களில் பிரித்தானியாவின் இம்பீரியல் எயார்வேய்ஸ் நிறுவனத்தின் நெடுந்தூர வழிகளில் பறந்த ஷோர்ட் எஸ்.23 எம்பயர் வகைப் பறக்கும் படகை (படகு போன்ற உடலால் நீரில் மிதந்து, நீரிலிருந்தே எழுந்து நீரிலேயே இறங்கும் விமானத்தை) கணினியில் மீளுருவாக்கி வருகிறோம். அதைப் பற்றி எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வேறொரு பழைய விமானத்தை உருவாக்க முனைவோருக்கும் இவற்றில் பல உதவும்.

எத்தனையோ பழைய விமானங்கள் இருக்க, ஏன் இதைத் தெரிவு செய்தீர்கள்?

முதற் காரணம், இந்த வகையில் ஒரு விமானம்கூட இன்று உலகில் இல்லை. இங்கிலாந்தின் ரொச்செஸ்டர் நகரில், மெட்வே ஆற்றங்கரையில் இயங்கிய ஷோர்ட் சகோதரர்களின் தொழிற்சாலையில் ஆதர் கௌஜ் தலைமையில் இது வடிவமைக்கப்பட்டது. முதல் விமானமான கனோபஸ் 1936 யூலையில் நீரை விட்டு எழுந்தது. அது பறப்பதைக் காண்பதற்கு முன்னரே 28 விமானங்களுக்கு இம்பீரியல் எயார்வேய்ஸ் கட்டளை கொடுத்திருந்தது. எஸ்.23, எஸ்.30, எஸ்.33 ஆகிய மூன்று பிரிவுகளிலும் சேர்த்து 42 கட்டப்பட்டன. விபத்துகளிலும் போரிலும் பல அழிந்தன. தப்பியவை போருக்குப் பின்னர் கழிவு உலோகமாக உடைக்கப்பட்டன: கனோபஸ் 1946 இல் உடைக்கப்பட்டது, கடைசியாக மிஞ்சியிருந்த கோரியோலானஸ் 1948 இல் சிட்னியில் உடைக்கப்பட்டது. போய்ப் பார்ப்பதற்கோ ஏறி அமர்ந்து பார்ப்பதற்கோ ஒன்றும் மிச்சமில்லாத ஒரு விமானத்துக்குத்தான் சிமுலேற்றர் உண்மையான சேவை செய்ய முடியும் என்று நாங்கள் கருதுகிறோம்.

இரண்டாவது காரணம், நாங்கள் வாவிக்கரையில் வாழ்பவர்கள். ஓடுபாதையில் ஓடி எழும் விமானங்களைச் செய்வதற்கு உலகெங்கும் திறமையானவர்கள் இருக்கிறார்கள். நீர், காற்று, நீரோட்டம் ஆகியவற்றின் போக்கை நாள்தோறும் காண்பவர்களுக்குப் பறக்கும் படகின் நடத்தையில் எது பொய், எது மெய் என்பது விரைவில் பிடிபடும்.

உள்ளே அப்படி என்ன சொகுசு இருந்தது?

34.75 மீற்றர் அகலமான இறக்கைகளையும் 26.8 மீற்றர் நீளமான உடலையும் கொண்ட இந்தப் பெரிய விமானத்தில் பகற்பயணிகளுக்கு 24 ஆசனங்கள் மட்டுமே இருந்தன. உடல் இரண்டு தளங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மேற்தளத்தில் விமானிகளின் இடமும் அஞ்சற்பைகளின் அறையும் இருந்தன. கீழ்த்தளம் பயணிகளுடையது: மூக்குப் பக்கத்தில் ஏழு பேருக்கான புகைபிடிக்கும் அறை, அதற்குப் பின்னால் உணவு பரிமாறுவதற்கான சிறிய அறையும் கழிப்பறைகளும், நடுவில் மூன்று பேருக்கான சிறிய அறை, அதற்கடுத்து எட்டுப் பேருக்கான உலாவும் அறை, இறுதியில் ஆறு பேருக்கான பின்னறை.

இவற்றுள் உலாவும் அறையே இந்த விமானத்தின் பெயரை நிலைநிறுத்தியது. அதன் இடப்பக்கச் சன்னல்களின் ஓரமாக ஆசனங்கள் போடாமல் இடம் விட்டு, நின்றபடி முழங்கையை ஊன்றிக் கீழே பார்ப்பதற்கு ஒரு கைப்பிடிச் சட்டம் பொருத்தியிருந்தார்கள். நைல் நதியையும் கங்கையின் கழிமுகத்தையும் பயணிகள் அங்கு நின்றுதான் பார்த்தார்கள். 16 பேர் படுத்துறங்கும் வகையில் படுக்கைகளாக மாற்றும் ஏற்பாடும் வடிவமைப்பில் இருந்தது. ஆனால் பெரும்பாலான வழிகளில் இரவில் விமானம் நீரில் கட்டப்பட்டிருக்க, பயணிகள் கரையிலுள்ள விடுதிகளில் தங்கினார்கள். ஆகவே எங்கள் மாதிரியில் ஆசனங்களும் உலாவும் அறையும் முழு விவரத்துடன் இருக்கும். படுக்கைகளை நாங்கள் செய்யவில்லை.

ஆசனத்தையும் சன்னலையும் அழகாக வரைந்தால் போதாதா? ஏன் எடைக் கணக்கில் இவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள்?

எங்கள் வேலையின் அடிப்படைக் கொள்கையே இதுதான். சொகுசுக்கு எடை உண்டு. அந்த எடையைக் கணக்கில் சேர்க்காமல் சொகுசை வரைந்து காட்டும் விமானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரு படம் மட்டுமே.

எண்களைப் பாருங்கள். எஸ்.23 இன் வெற்று எடை ஏறத்தாழ 10,660 கிலோகிராம். நீரை விட்டு எழ அனுமதிக்கப்பட்ட முழு எடை ஏறத்தாழ 18,370 கிலோகிராம். இடையில் உள்ள 7,710 கிலோகிராமுக்குள் மற்ற அனைத்தும் அடங்க வேண்டும். சாதாரண வழிப்பயணத்துக்கான எரிபொருள் 650 பிரித்தானிய கலன், அதாவது ஏறத்தாழ 2,950 லீற்றர். அதன் எடை 2,100 கிலோகிராமுக்குச் சற்று மேல். அஞ்சலுக்கு ஒன்றரைத் தொன் வரை ஒதுக்க வேண்டும். பயணி ஒருவருக்குப் பொதிகளுடன் 100 கிலோகிராம் என்று வைத்தால் 24 பேருக்கு 2,400. பணியாளர் ஐவருக்கு 450 அளவு. மிஞ்சுவது ஏறத்தாழ 1,250 கிலோகிராம். எஞ்சின் எண்ணெய், நங்கூரம், கயிறுகள், வானொலிக் கருவி, ஆசனங்கள், கம்பளம், பீங்கான் தட்டுகள், குடிநீர் ஆகிய யாவற்றையும் இதற்குள் அடக்கிப் பாருங்கள். அஞ்சல் அதிகமாக இருந்த பயணங்களில் ஏன் பயணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள் என்பது அப்போது தானாகவே விளங்கிவிடும்.

இந்தக் கணக்கு பறக்கும் தூரத்தையும் நேரடியாகப் பாதித்தது. முழுச் சுமையுடன் எஸ்.23 பறக்கக்கூடிய தூரம் 760 மைல் அளவே. ஆகவேதான் சிட்னி வரையான பயணம் பல சிறு தாவல்களாகப் பிரிக்கப்பட்டது. 1937 யூலையில் கலிடோனியா என்ற விமானம் அயர்லாந்தின் ஃபொய்ன்ஸ் துறையிலிருந்து நியூபவுண்ட்லாந்தின் பொட்வூட் வரை அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது; அதற்காக அதன் உள்ளலங்காரங்களை அகற்றிவிட்டு மேலதிக எரிபொருள் தாங்கிகளைப் பொருத்த வேண்டியிருந்தது. சமுத்திரத்தைக் கடக்கும் விமானமும் உலாவும் அறை உள்ள விமானமும் ஒரே உடலைக் கொண்டிருந்தாலும் ஒரே நேரத்தில் ஒன்றாக இருக்க முடியவில்லை.

பயணிகள் எழுந்து நடப்பதையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறோம். புகைபிடிக்கும் அறையிலிருந்து ஆறு பேர், ஆளுக்கு 75 கிலோகிராம் என்று வைத்து, ஆறு மீற்றர் பின்னால் உள்ள உலாவும் அறைக்குப் போகிறார்கள் என்று கொள்வோம். 18 தொன் எடையுள்ள விமானத்தின் ஈர்ப்பு மையம் இதனால் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் பின்னால் நகரும். இறக்கையின் சராசரி நாண் நீளம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான தூரம், நான்கு மீற்றர் என்பதால், இது அதன் நான்கு சதவீதத்துக்குக் கிட்டிய மாற்றம். விமானியின் கை இதை நிச்சயம் உணரும். மூக்கு ஏறாமலும் இறங்காமலும் விமானத்தைச் சமப்படுத்தும் சமநிலைச் சக்கரத்தைத் திருப்பாமல் விட்டால் மூக்கு மெல்ல மேலெழும். எங்கள் மாதிரியில் பயணிகள் இடம் மாறும்போது இந்த மாற்றம் நிகழும். ஓர் அழகிய ஆற்றின் மேல் பறக்கிறோம் என்பதை விமானி தன் கைப்பிடியின் அழுத்தத்திலேயே அறிந்துகொள்ளலாம். எங்கள் உழைப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

உண்மை விமானம் ஒன்றும் இல்லாதபோது அளவுகளை எப்படிப் பெறுகிறீர்கள்?

மூன்று வகைச் சான்றுகள் உள்ளன. அக்காலத்தில் அச்சிடப்பட்ட வரைபடங்களும் தொழில்நுட்ப விவரிப்புகளும் முதல் வகை. ஒளிப்படங்கள் இரண்டாவது. இதே குடும்பத்தில் பிறந்து இன்றும் நூதனசாலைகளில் உள்ள விமானங்கள் மூன்றாவது. எம்பயர் வகையுடன் நெருங்கிய உறவுள்ள சண்டர்லாண்ட் 1937 ஒக்ரோபரில் முதலில் பறந்தது. இலண்டனின் ஹென்டனிலும் கேம்பிரிட்ஜுக்கு அருகேயுள்ள டக்ஸ்போர்டிலும் அது பேணப்படுகிறது. போருக்குப் பிந்திய சாண்ட்ரிங்ஹாம் சவுதாம்ப்ரனிலும், சோலண்ட் ஒக்லாந்திலும் உள்ளன. ஆனால் உறவினரைப் பார்த்து ஒருவரின் முகத்தை வரையும்போது எவ்வளவு கவனம் வேண்டுமோ அவ்வளவு கவனம் இங்கும் வேண்டும். சண்டர்லாண்ட் ஒரு போர் விமானம். அதன் மூக்கும் பின்புறமும் துப்பாக்கிக் கூண்டுகளுக்காக மாற்றப்பட்டவை. சட்டங்களை இணைத்த முறை, ஆணி வரிசைகள், கதவுத் தாழ்ப்பாள்கள் போன்றவற்றுக்கு மட்டும் அதைச் சான்றாக எடுக்கிறோம்.

ஒளிப்படத்திலிருந்து அளவு எடுப்பதற்கு முதலில் அந்தப் படம் எந்த இடத்திலிருந்து, எந்தக் குவியத்தூரத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கணித்துக்கொள்ள வேண்டும். அளவு உறுதியாகத் தெரிந்த இரண்டு மூன்று பொருட்கள் படத்தில் இருந்தால், பிளெண்டர் மென்பொருளில் ஒரு மெய்நிகர்க் கமராவை அதே நிலையில் நிறுத்தி, எங்கள் மாதிரியைப் படத்தின் மேல் பொருத்திப் பார்க்கலாம். ஒரு படத்தில் பொருந்தியது மறுபக்கத்திலிருந்து எடுத்த இன்னொரு படத்தில் பொருந்தாவிட்டால் அந்த அளவை ஏற்பதில்லை.

நிறத்தில்தான் ஏமாற்றம் அதிகம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கருமையாகத் தெரிவது கரிய நிறமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அக்காலத்தில் புழங்கிய சில படச்சுருள்கள் சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். ஆகவே எழுத்து ஆதாரம் கிடைக்காத எந்த நிறத்தையும் நாங்கள் உறுதியானது என்று சொல்வதில்லை. மாதிரியுடன் வரும் கையேட்டில் ஒவ்வொரு பாகமும் மூன்று நிலைகளில் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கும்: ஆவணத்தால் உறுதியானது, உறவு விமானத்திலிருந்து பெறப்பட்டது, எங்கள் ஊகம். ஊகத்தை ஊகம் என்று எழுதிவைப்பது பின்னால் வருபவர்கள் திருத்துவதற்கு வழிவிடுகிறது.

எந்தச் சிமுலேற்றருக்காகச் செய்கிறீர்கள்?

முதலில் மைக்ரோசொப்ட் பிளைற் சிமுலேற்றருக்கு. முப்பரிமாண உருவைப் பிளெண்டரில் செய்கிறோம். எக்ஸ்-பிளேன், இலவசமாகக் கிடைக்கும் பிளைற்கியர் ஆகியவற்றுக்கும் உருவத்தை மாற்றலாம். ஆனால் பறப்பியல் கணக்கை அவை ஒவ்வொன்றும் தனக்குரிய முறையில் செய்வதால் அப்பகுதியைப் புதிதாகவே எழுத வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

நீரில் விமானம் நடந்துகொள்வது சரியாக வருமா?

மிகக் கடினமான பகுதி இதுதான். சிமுலேற்றர் நிறுவனங்கள் ஓடுபாதை விமானங்களுக்குத் தரும் கவனத்தை நீரில் மிதப்பவற்றுக்குத் தருவதில்லை.

நிற்கும்போது விமானம் ஒரு படகு. 18 தொன் எடைக்கு ஏறத்தாழ 18 கனமீற்றர் நீரை அது விலக்க வேண்டும். எங்கள் உருவின் கொள்ளளவிலிருந்து நீர்க்கோடு எங்கே விழும் என்பதைக் கணித்து, பழைய படங்களில் தெரியும் நீர்க்கோட்டுடன் ஒப்பிட்டோம். (மாரியில் மட்டக்களப்பு வாவியின் உவர்ப்புக் குறைவதையும் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்டார். நல்ல நீருக்கும் கடல்நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு இரண்டரைச் சதவீதம் அளவுதான். நீர்க்கோடு ஓரிரு சென்ரிமீற்றர் மாறும். அதை விட்டுவிட்டோம்.)

எஞ்சின்களுக்கு வலுவைக் கூட்டியதும் மூக்கு மேலெழும். முன்னால் ஓர் அலை எழுந்து விமானத்தைத் தடுக்கும். நீரின் எதிர்ப்பு உச்சமடையும் இந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்கே பெரும்பகுதி வலு செலவாகிறது. சுமை மிகுந்தால் விமானம் இந்த உச்சத்தைத் தாண்டாமல் நீரை உழுதுகொண்டே போகும். தெறிக்கும் நீர் புரொப்பெல்லர்களைத் தாக்கும். உச்சத்தைத் தாண்டியதும் கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். அப்போது உடலின் அடியில் குறுக்காக வெட்டப்பட்ட படியின் மேல் விமானம் ஏறி, நீரின் மேற்பரப்பில் வழுக்கத் தொடங்கும். அந்தப் படி நீரை உடலின் பின்பகுதியிலிருந்து பிரித்துவிடுவதால் எதிர்ப்புச் சட்டென்று குறையும், வேகம் கூடும்.

இந்த வழுக்கும் நிலையில் மூக்கின் கோணம் குறுகிய ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். அதை விட்டு விலகினால் ஓங்கில் துள்ளுவதுபோல விமானம் ஏறி ஏறி விழத் தொடங்கும். ஒவ்வொரு துள்ளலும் முந்தியதை விடப் பெரிதாகும். கைப்பிடியால் அதைத் துரத்திப் பிடிக்க முனைவது நிலைமையை மோசமாக்கும். வலுவைக் குறைத்து, மூக்கை உயர்த்திப் பிடித்து, விமானத்தை நீரில் அமரவிட்டு மறுபடி தொடங்குவதே பாதுகாப்பானது.

மைக்ரோசொப்ட் சிமுலேற்றரில் நீருடன் தொடும் புள்ளிகளைக் கோப்பில் எழுத வேண்டும். சில புள்ளிகளை மட்டும் வைத்தால் விமானம் பலகைபோல் மிதக்கும், துள்ளல் வராது. அடிமுதுகு வழியாகவும் படியின் விளிம்பிலும் இறக்கை முனைகளின் மிதவைகளிலும் பல புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றின் விறைப்பையும் தணிப்பையும் தனித்தனியாகச் சீர்செய்தபோதுதான் உயிர் வந்தது. இவ்வகைப் பெரிய பறக்கும் படகுகளுக்கு நிறுத்துகருவியும் இல்லை, நீருக்குள் சுக்கானும் இல்லை. வெளிப்புற எஞ்சின்களின் வலுவை மாற்றித் திருப்புவார்கள். அது போதாவிட்டால் துணிப்பை வடிவிலான கடல் நங்கூரத்தைப் பக்கவாட்டில் நீரில் இறக்குவார்கள். அந்தப் பையையும் செய்திருக்கிறோம்.

இந்த விமானங்கள் உண்மையில் மட்டக்களப்புக்கு வந்தனவா?

இல்லை. ஆஸ்திரேலிய வழி கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று இந்தியாவுக்குக் குறுக்காகச் சென்றது; இலங்கை அந்த வழியில் இருக்கவில்லை. எங்கள் தொகுப்பில் வாவி ஒரு பயிற்சித்தளம் மட்டுமே, வரலாற்றுக் காட்சி அல்ல. வரலாற்று வழியைப் பறக்க விரும்புவோருக்கு அது தனியாக உண்டு.

பயிற்சித்தளமாக வாவி ஏற்றதா?

மிகவும் ஏற்றது, காரணம் அது எளிதானதல்ல. வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டிருந்தாலும் கரையோரத்தை ஒட்டி வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கிறது. மாரியில் வீசும் வாடையும் வைகாசிக்குப் பின் மேற்கிலிருந்து வீசும் கச்சானும் அந்த நீளப்போக்குக்குக் குறுக்காகவே வருகின்றன. காற்றுக்கு எதிராக ஓட வேண்டுமானால் வாவியின் அகலத்துக்குள் எழ வேண்டும். நீளப்போக்கில் ஓடினால் பக்கக்காற்று ஓர் இறக்கையைத் தூக்கி, மறுபக்க மிதவையை நீருக்குள் அமிழ்த்தும். எந்தச் சுமைக்கு எதைத் தெரிவு செய்வது என்பதை ஒவ்வொரு முறையும் விமானி தீர்மானிக்க வேண்டும்.

ஆழமும் ஒரு சிக்கல். வாவி ஆழங்குறைந்தது, முகத்துவாரத்தின் மணற்றிட்டு அடைபடுவதையும் வெட்டப்படுவதையும் பொறுத்து நீர்மட்டம் மாறும். நீரின் ஆழத்தைப் பொருட்படுத்தாமல் எங்கும் இறங்க நாங்கள் விடவில்லை. ஆழங்குறைந்த பகுதிகளையும் மீன்பிடிக் கட்டுகள் உள்ள கரைப்பகுதிகளையும் தவிர்த்து, இறங்கத்தக்க நீர்வழிகளை ஒரு வரைபடத்தில் குறித்திருக்கிறோம். கல்லடியில் 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் மட்டுமே காட்சியில் இருக்கும். 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தை அகற்றிவிட்டோம். 1930களின் வாவியில் அதற்கு இடமில்லை.

வெப்பத்தையும் மறக்கக்கூடாது. 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வளியின் அடர்த்தி, நியமமாகக் கொள்ளப்படும் 15 பாகையில் உள்ளதைவிட ஐந்தரைச் சதவீதம் அளவு குறைவு. எஞ்சின்களின் வலுவும் இறக்கையின் தூக்குவிசையும் ஒருசேரக் குறையும். மெட்வே ஆற்றில் எழும்பிய அதே சுமையுடன் இங்கே நண்பகலில் எழுவதற்கு நீண்ட ஓட்டம் தேவைப்படும். அதிகாலையில் ஏன் புறப்பட்டார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஞ்சின்களை எப்படிக் கையாள்வது? அடிக்கடி நின்றுவிடுகின்றனவே?

எஸ்.23 இல் 920 குதிரைவலுக் கொண்ட பிரிஸ்டல் பெகாசஸ் எஞ்சின்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒன்பது உருளைகள், வளியால் குளிர்விக்கப்படுபவை. காற்று பின்னாலிருந்து வீச, வாவியில் நெடுநேரம் மெதுவாக ஓடினால் உருளைகளின் வெப்பம் ஏறும். எஞ்சின் மூடியின் பின்விளிம்பில் உள்ள மடல்களைத் திறந்து வைக்க வேண்டும். எழும் நேரத்தில் அவை இழுவையைக் கூட்டும் என்பதால் அளவாக மூட வேண்டும். புரொப்பெல்லரின் அலகுகளுக்கு இரண்டு கோணங்கள் மட்டுமே உண்டு: எழுவதற்கு ஒன்று, நெடும்பறப்புக்கு மற்றது. இன்றைய விமானங்களைப்போல் சுழற்சி வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் பொறி இல்லாததால், வலுவை மாற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு எஞ்சின்களின் வேகத்தையும் காதாலும் மானியாலும் ஒத்திசைக்க வேண்டும்.

எஞ்சின் நின்றுவிடுகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும், எரிபொருளை வளியுடன் கலக்கும் காபரேற்றரில் பனி உறைவதே காரணம். அதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறோம். எரிபொருள் ஆவியாகும்போது காபரேற்றருக்குள் வெப்பநிலை கடுமையாக விழுவதால், வெளியே வெப்பமாக இருந்தாலும் ஈரப்பதன் மிகுந்த வளியில் பனி உறையும். மாரிக்காலத்தில் வலுவைக் குறைத்து இறங்கும்போது எங்கள் ஊரிலும் இது நிகழக்கூடியதே. 1939 சனவரியில் நியூயோர்க்கிலிருந்து பெர்முடாவுக்குப் பறந்த கவலியர் என்ற எம்பயர் விமானம் காபரேற்றர் பனியால் வலு இழந்து அத்திலாந்திக்கில் இறங்கி மூழ்கியது. மூவர் உயிரிழந்தனர், பத்துப்பேர் மீட்கப்பட்டனர். அத்தனை பேர் அனுபவித்த ஓர் ஆபத்தை வசதிக்காக நீக்கிவிடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. புதிதாகப் பழகுவோர் அமைப்புகளில் அதை நிறுத்தி வைக்கலாம்.

ஒலி எங்கிருந்து?

பெகாசஸ் எஞ்சினுடன் இன்றும் பறப்பது பிரித்தானியக் கடற்படை மரபின் சோர்ட்பிஷ் விமானம். அதில் உள்ளது ஓர் எஞ்சின். எங்களுக்குத் தேவை நான்கு. ஒரு பதிவை நான்காகப் பெருக்கினால் இயற்கையாக ஒலிக்காது. சுழற்சி வேகங்களில் சிறு வேறுபாடு இருக்கும்போது எழும் ஏறி இறங்கும் முழக்கத்தை ஒவ்வோர் எஞ்சினின் வேகத்தைக் கொண்டும் சிமுலேற்றர் அந்தந்தக் கணத்தில் உருவாக்கும்படி செய்திருக்கிறோம். எஞ்சின்கள் சரியாக ஒத்திசைந்தால் முழக்கம் மறையும்; விமானிக்கு அதுவே அறிகுறி.

எனது கணினியில் ஓடுமா?

சிமுலேற்றர் ஓடும் கணினியில் இதுவும் ஓடும். உட்புற அறைகளின் துணி, மர விவரங்களே அதிக நினைவகத்தை எடுப்பதால், வலுக்குறைந்த கணினிகளுக்காக அவற்றின் எளிய வடிவம் ஒன்றும் உண்டு. விசைப்பலகையால் மட்டும் நீரில் எழுவது மிகக் கடினம். சாதாரண ஜோய்ஸ்ரிக் ஒன்றாவது தேவை.

பாடசாலை மாணவர்கள் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவர்களுக்குத் திருப்புதிறனும் ஈர்ப்பு மையமும் பழக்கமானவை. மேலே சொன்ன பயணிகள் நகரும் கணக்கு அதற்கு அப்பால் எதுவும் இல்லை. ஓவியம் வரைபவர்கள், பழைய ஆங்கிலத் தொழில்நுட்ப விவரிப்புகளைப் பொறுமையாக வாசிக்கக்கூடியவர்கள், தோணியோட்டம் அறிந்த பெரியவர்கள் ஆகியோரும் எங்களுக்குத் தேவை.

இதை விற்பீர்களா?

இல்லை. இலவசமாகவே வெளியிடுவோம். நூதனசாலைகளிலிருந்து பெறும் படங்களுக்கு எழுத்தில் அனுமதி கேட்கிறோம். அனுமதி கிடைக்காதவற்றை அளவெடுப்பதற்குப் பார்க்கிறோமே தவிர, தொகுப்பில் சேர்ப்பதில்லை.

முதற்பறப்பை எங்கே, எப்படித் தொடங்குவது?

மட்டக்களப்பு விமான நிலையத்தைத் தொடக்க இடமாகத் தெரிவு செய்யாதீர்கள். இந்த விமானத்துக்குச் சக்கரம் இல்லை, ஓடுபாதையில் கவிழ்ந்து கிடக்கும். வரைபடத்தில் புளியந்தீவுக்குத் தெற்கே அகன்ற நீர்ப்பகுதியைத் தொட்டுத் தொடங்குங்கள். காலை ஆறு மணி, மென்காற்று, பயணிகள் பத்துப்பேர், அஞ்சல் அரைத்தொன், அரைவாசி எரிபொருள் போதும். சுமைத்தாளை நிரப்பி, ஈர்ப்பு மையம் எல்லைக்குள் விழுகிறதா என்று பார்த்த பின்னரே கட்டுக்கயிற்றை அவிழ்க்க வேண்டும். எஞ்சின் இயங்கியதும் விமானம் நகரத் தொடங்கிவிடும், நிறுத்த வழியில்லை.

இலக்காகத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சொல்வோம். நேர்கோட்டில் 110 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 165 மைல் என்ற வழக்கமான வேகத்தில் 25 நிமிடம் அளவு. கரையை இடப்பக்கம் வைத்துப் பறந்தால் உலாவும் அறையின் சன்னல்கள் கரைப்பக்கம் அமையும். பயணிகள் அங்கு கூடுவார்கள், சமநிலைச் சக்கரத்தைத் திருத்த ஆயத்தமாக இருங்கள். துறைமுகத்தில் நீர் ஆழமானது, இடம் விசாலமானது. காற்றில்லாமல் நீர் கண்ணாடியாகக் கிடந்தால் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முயலாதீர்கள்; கரைக்கு இணையாக வந்து, சிறிது வலுவை வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 150 முதல் 200 அடி வரையான இறக்கத்தில் நீர் உடலைத் தொடும்வரை அதே மூக்குக் கோணத்தைக் காத்திருங்கள். தொட்ட பிறகே வலுவை முழுதாகக் குறைக்க வேண்டும்.